அடிச்ச மாம்பழத்தையும் சேத்து எண்ற பிள்ளைங்க

யுகேஜி, ஒன்னாம் கிளாஸ் ஒர்க்புக்ல ஒரு படம் வரும், அஞ்சு மாம்பழம், அதுல ரெண்டுமேல குறுக்க கோடு, கீழ 5 - 2 போட்டு ஒரு கட்டம். நிறைய பிள்ளைங்க அதுல 5ன்னு எழுதும். நமக்கு கடுப்பாகும், ஆனா பேப்பர்ல எந்த மாம்பழமும் எங்கயும் போகலயே, அஞ்சும் அங்கயேதான இருக்கு. கோடு போட்டா போயிடுச்சுன்னு அர்த்தம்ங்கறது பெரியவங்க பண்ணிக்கிட்ட ஏற்பாடு.

எடுத்தா குறையும்ங்கறது அதுங்களுக்கு புதுசே இல்ல. 1992ல கேரன் வின்னுங்கற ஆராய்ச்சியாளர் அஞ்சு மாச குழந்தைங்களுக்கு ரெண்டு பொம்மைய காட்டி, திரைய வெச்சு மறைச்சு, அதுங்க பாக்கறப்பவே ஒன்ன வெளிய எடுத்தாங்க. திரைய விலக்கினப்ப ஒன்னு இருந்தத விட, ரெண்டு இருந்தப்பதான் (பின்னாடி ரகசியமா ஒன்ன வெச்சிடுவாங்க) அதுங்க ரொம்ப நேரம் பாத்துச்சுங்க, அதாவது இது எதிர்பாக்காததா இருக்கேன்னு.

அதனால மொதல்ல புளியங்கொட்டை. அஞ்சு எண்ணி வெக்கட்டும், ரெண்ட அதுங்களே எடுத்து டப்பாவுல போடட்டும், மிச்சத்த எண்ணட்டும். படம் அதுக்கப்புறம்தான், அதுவும் அச்சடிச்ச கோடு வேணாம், பென்சில குடுத்து அதுங்களயே அடிக்க சொல்லுங்க, அப்பதான் அந்த கோடு தான் எடுத்ததோட அடையாளமா மனசுல நிக்கும். கை, படம், அப்புறம் எண், இந்த வரிசைய ஜெரோம் புரூனர்ங்கற உளவியலாளர் 1960கள்லயே சொல்லிட்டார், நம்ம ஆளுங்கதான் நேரா மூணாவதுக்கு தாவறாங்க.

அடுத்த சிக்கல் பின்னாடி எண்றது. 8ல 3 போனா எத்தனன்னு கேட்டா "எட்டு, ஏழு, ஆறு... ஆறு!"ன்னு சொல்லும், ஏன்னா எடுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்த எட்டையும் ஒரு விரலா மடக்கிடுச்சு. ஒவ்வொரு கொட்டையா எடுக்க எடுக்க இப்ப எத்தன இருக்குன்னு சொல்ல வெச்சா ஏழு, ஆறு, அஞ்சுன்னு சரியா வந்துடும்.

ஆனா எல்லா கழித்தலும் எடுக்கறது இல்ல. யாருகிட்ட எத்தன அதிகம்னு கேக்கறதும் கழித்தல்தான், அங்க எதுவுமே போகாது. 1983ல ஹட்சன்ங்கறவர் பறவைங்களும் அத விட கம்மியா புழுவும் இருக்கற படத்த காட்டினார். புழுவ விட பறவை எத்தன அதிகம்னு கேட்டப்ப சின்ன பிள்ளைங்கள்ல பெரும்பாலானதுங்க தப்பா சொல்லிச்சு, எத்தன பறவைக்கு புழு கிடைக்காதுன்னு கேட்டா கிட்டத்தட்ட எல்லாமே கரெக்ட்! படம் அதேதான், ரெண்டாவது கேள்வி அதுங்கள ஜோடி சேக்க வெச்சிடுது. ஸோ இந்த கணக்குக்கு குறுக்கு கோடு வேலைக்கு ஆகாது, மேல ஒரு வரிசை கீழ ஒரு வரிசை வரைஞ்சு ஜோடி ஜோடியா கோடு இழுக்க விடுங்க, ஜோடி கிடைக்காததுதான் விடை.