ஹோட்டல்: தங்குமிடமா, சாப்பாட்டுக் கடையா?

'வா, ஹோட்டலுக்குப் போகலாம்' என்று ஒருவர் கூப்பிட்டால் நாம் பசியோடு கிளம்புவோம். பெட்டி படுக்கையோடு யாரும் கிளம்புவதில்லை. தமிழில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை, பரோட்டா, மதியச் சாப்பாடு. ஆனால் அமெரிக்க நகரச் செய்திகளைத் தமிழில் எழுதும்போது இப்படி ஒரு வரி வந்துவிடுகிறது: 'ஆஸ்டின் டவுன்டவுனில் தனியார் நிதியளிப்பிலான முன்மொழியப்பட்ட ஹோட்டல் மேம்பாடு.' ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையை யாரோ நன்கொடை கொடுத்துப் புதுப்பிக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். உண்மையில் அங்கே பேசப்படுவது ஆயிரம் அறைகளோடு ஒரு கோபுரம் எழுப்பும் திட்டம். அந்த வரியில் இருக்கும் சொற்கள் ஒவ்வொன்றுமே தடுக்குகின்றன. அதிகம் தடுக்குவது ஹோட்டல்தான், அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இந்தச் சொல்லின் வேர் இலத்தீன். 'ஹோஸ்பெஸ்' என்றால் அந்த மொழியில் விருந்தாளி. விருந்தாளியை ஏற்று உபசரிப்பவருக்கும் அதே சொல்தான். வருபவருக்கும் வரவேற்பவருக்கும் ஒரே பெயர். அதிலிருந்து, விருந்தினரை வைத்துக்கொள்ளும் இடத்தைக் குறிக்கும் 'ஹோஸ்பிடாலே' வந்தது. பழைய பிரெஞ்சில் அது 'ஹோஸ்டெல்' என்று சுருங்கியது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் நடுவில் இருந்த ஸகரத்தை ஒலிப்பதை விட்டுவிட்டு, அது இருந்த இடத்துக்கு அடையாளமாக ஓகாரத்தின் தலையில் ஒரு கூரைக் குறி போட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஓட்டெல்'. ஆங்கிலமோ பழைய வடிவத்தை ஹாஸ்டல் என்றும், புதிய வடிவத்தை ஹோட்டல் என்றும் இரண்டு முறை கடன் வாங்கிக்கொண்டது. ஹாஸ்பிடல், ஹாஸ்பைஸ், ஹோஸ்ட் எல்லாமே இந்தக் குடும்பம்தான். கெஸ்ட்கூட இன்னும் ஆழமான வேரில் இவற்றோடு போய்ச் சேர்கிறது. மருத்துவமனையும் மாணவர் விடுதியும் நட்சத்திர விடுதியும் சொல்லளவில் கூடப் பிறந்தவை.

பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு வெகுகாலம் தங்கும் விடுதி என்ற பொருள் மட்டும் இருக்கவில்லை. பிரபுக்களின் நகர மாளிகைக்கும் அதே பெயர். பாரிசில் நோத்ர தாம் பேராலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய மருத்துவமனையின் பெயர் 'ஓட்டெல் தியூ', அதாவது இறைவனின் இல்லம். நகராட்சிக் கட்டடத்துக்கு 'ஓட்டெல் த வீல்' என்று பெயர். இதைப் பார்க்கப் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் என்று ஊரார் சொல்கிறார்களே, அது பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஓட்டெல் த வீல்தான். 2014 மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு பழைய வடிவிலேயே திரும்பக் கட்டினார்கள். அந்தப் பெயரைப் பார்த்து அங்கே அறை எடுக்கலாம் என்று யாராவது நினைத்தால், வந்து நிற்பது ஒரு நகராட்சி மன்றத்தின் வாசலில்.

ஆங்கிலத்தில் ஹோட்டல் என்ற சொல் தங்கும் விடுதியைக் குறிக்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதுவரை 'இன்' என்றார்கள், 'டாவர்ன்' என்றார்கள். பழைய பெயர்களோடு பழைய பழக்கமும் ஒட்டியிருந்தது. முன்பின் தெரியாத வழிப்போக்கரோடு ஒரே அறையில், சில சமயம் ஒரே கட்டிலில் படுக்க வேண்டியிருக்கும். புதிய சொல்லுக்கேற்ற புதிய பொருள் முழுமையாக வந்த இடம் என்று பாஸ்டன் நகரத்து டிரெமாண்ட் ஹவுஸைத்தான் பலரும் சொல்வார்கள். 1829இல் திறந்தது. ஐசையா ரோஜர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கருங்கல்லில் எழுப்பிய அந்த விடுதியில் 170 அறைகள். பணம் போட்டவர்கள் அந்த ஊர் வணிகர்கள். அறைக்கு ஒரு பூட்டு, வந்தவர் கையில் அதன் சாவி, உள்ளே கைகழுவக் கிண்ணமும் தண்ணீர்க் குடுவையும் சோப்பும். இன்று ஆயிரம் ரூபாய் அறையில்கூட இதெல்லாம் இருக்கிறது, அதனால் நமக்கு ஒன்றும் தோன்றாது. அன்றைக்கு, தனியாகப் பூட்டிக்கொண்டு தூங்கலாம் என்பதே ஒரு வழிப்போக்கருக்குப் பெரிய விஷயம். நகர மையம், தனியார் பணம், பெரிய விடுதி என்ற கூட்டணிக்கு ஏறக்குறைய இருநூறு வயதாகிறது.

சரி, தங்குவதற்கென்று பிறந்த சொல் நம்மிடம் வந்து எப்படிச் சாப்பாடானது? எனக்குத் தெரிந்த நியாயமான காரணம் ஒன்றுதான். வெளியூர் போனால் நம் ஆட்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள், இல்லாவிட்டால் சத்திரத்தில் படுத்தார்கள். அறையும் உணவும் சேர்த்துக் கொடுத்த ஹோட்டல்கள் ஊருக்குள் வந்தபோது, உள்ளூர்க்காரர்கள் அங்கே நுழைந்ததெல்லாம் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தான். மாடியில் இருந்த அறைகள் அவர்கள் அனுபவத்தில் வரவே இல்லை. கீழ்த்தளத்தின் பொருளே சொல்லில் நின்றுவிட்டது. தமிழில் மட்டுமல்ல, கன்னடத்திலும் மலையாளத்திலும் இதே கதைதான்.

இதற்கு நல்ல சாட்சி மோட்டல். அமெரிக்காவில் அது காரில் போகிறவர்கள் இரவு தங்குவதற்காக உண்டாக்கிய சொல். மோட்டாரையும் ஹோட்டலையும் ஒட்டவைத்து 1925இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் முதல் பலகை மாட்டினார்கள். தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் மோட்டல் என்றால் என்ன? நடுராத்திரி பேருந்து ஓரம் கட்டும், நடத்துநர் 'வண்டி பத்து நிமிஷம் நிற்கும்' என்று குரல் கொடுப்பார், தூக்கக் கலக்கத்தில் இறங்கினால் டீயும் பிஸ்கட்டும் சத்தமாகப் பாட்டும். படுக்க ஒரு பாய்கூட இருக்காது. தங்குமிடத்தின் பெயர் எது வந்தாலும் நாம் அதில் அடுப்பு மூட்டிவிடுகிறோம்.

ஒரே ஒரு சொல் எதிர்த்திசையில் போயிருக்கிறது, அது மேன்ஷன். ஆங்கிலத்தில் அது பெரிய மாளிகை. திருவல்லிக்கேணியில் வேலை தேடி வந்த இளைஞர்கள் மாத வாடகைக்குத் தங்கும் ஒற்றை அறைக் கட்டடம். ஆனால் மூலத்தைத் தேடினால் இலத்தீனில் 'மான்சியோ' என்பது ரோமானியச் சாலைகளில் பயணிகள் இரவு தங்கிய இடம். திருவல்லிக்கேணிக்காரர்கள் யாரும் சொல்லாமலே அந்தச் சொல்லை அதன் பழைய வேலைக்குத் திருப்பிவிட்டார்கள்.

இனி தமிழில் என்ன சொல்லலாம் என்று பார்ப்போம். சத்திரம், சாவடி இரண்டும் அழகான சொற்கள். ஆனால் சத்திரம் அறத்தோடு பிறந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரமானாலும், தஞ்சை மராட்டியர்கள் வழியெங்கும் கட்டிவைத்த சத்திரங்களானாலும், வழிப்போக்கரிடம் காசு எதிர்பார்த்து எழுந்தவை அல்ல. இலாபத்துக்கு நடக்கும் இடத்துக்கு அந்தப் பெயரை வைப்பது பொருந்தாது. சாவடியை இப்போது சுங்கமும் வாக்கும் எடுத்துக்கொண்டன. லாட்ஜ் பேச்சில் நன்றாக வாழ்கிறது. 'லாட்ஜில் ரூம் போட்டோம்' என்பது இன்று தமிழேதான். ஆனால் அது சிறிய, மலிவான இடத்தையே நினைவுபடுத்தும். முப்பது மாடிக் கட்டடத்தை லாட்ஜ் என்றால் யாரும் ஒப்ப மாட்டார்கள். உணவகம் என்ற சொல் சாப்பாட்டுப் பக்கத்தை ஏற்கெனவே நிறைவாகப் பார்த்துக்கொள்கிறது.

மிஞ்சுவது விடுதி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை, இதுதான் சரியான சொல். 'விடு' என்ற வினைக்குப் பயணத்தை நிறுத்தித் தங்குதல் என்ற பொருள் பழையது. படை தங்கும் இடம் படைவீடு, பாடிவீடு. முருகனின் ஆறுபடைவீட்டை எல்லோரும் தினமும் சொல்கிறோம், அதற்குள் இருப்பதும் இந்த விடுதான். வழியில் நின்று இளைப்பாறும் இடம் என்ற கருத்து வேரிலேயே இருக்கிறது. மாணவர் விடுதிக்கும் அதே சொல்தானே, குழம்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஹாஸ்டலும் ஹோட்டலும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று மேலே பார்த்தோம், ஆகவே தமிழில் அவை ஒரு சொல்லில் சேர்வதில் தவறே இல்லை. மது விடுதி, கேளிக்கை விடுதி என்று வேறு பயன்பாடுகளும் இருப்பதால், செய்தியில் முதல் தடவை 'தங்கும் விடுதி' என்று எழுதிவிட்டு, அப்புறம் விடுதி என்று மட்டும் தொடரலாம். அறையும் சாப்பாடும் சேர்ந்த இடத்துக்கு 'உண்டு உறை விடுதி' நன்றாகவே இருக்கும். உண்டு உறைவிடப் பள்ளி என்று ஏற்கெனவே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

டவுன்டவுனுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் ஊர் தொடங்கியது தென்முனையில். வீடுகள் வடக்கே நகர, வியாபாரம் தெற்கே தங்கியது. வரைபடத்தில் தெற்கு கீழே இருப்பதால் கடைவீதிப் பக்கம் 'கீழ் நகர்' ஆனது. மற்ற அமெரிக்க ஊர்கள் மேடு பள்ளம், வடக்கு தெற்கு எதையும் பார்க்காமல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் இந்த வழக்கம் இல்லை, அங்கே நகர நடு என்ற பொருளில்தான் பேசுவார்கள். தமிழிலும் 'நகர மையம்' போதும். டவுன் என்று மட்டும் சுருக்கினால் திருநெல்வேலிக்காரருக்கு நெல்லையப்பர் கோயில் வீதிகள்தான் கண்ணில் வரும்.

'தனியார் நிதி' என்பதில்தான் பொருளே மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்கச் செய்தியில் அந்த அடைமொழி சும்மா வருவதில்லை. பெரிய மாநாடுகளை ஈர்க்க விரும்பும் நகரங்களுக்கு மாநாட்டு மையத்தை ஒட்டியே நிறைய அறைகள் வேண்டும். அவ்வளவு பெரிய விடுதியில் பணத்தைப் போட வங்கிகள் தயங்கும். அப்போது நகரமே கடன் பத்திரம் வெளியிட்டுக் கட்டிவிடுவது உண்டு. டெக்சஸின் டல்லாஸில் அப்படித்தான் நடந்தது. மாநகராட்சி விடுதி வைத்திருக்கலாமா கூடாதா என்று 2009 மே மாதம் மக்களிடம் வாக்கெடுப்பே வைத்தார்கள். தடுக்க நினைத்தவர்கள் தோற்றார்கள், 1,001 அறைகளோடு ஆம்னி விடுதி 2011இல் திறந்தது. அதே மாநிலத்தின் ஆஸ்டினில் இரண்டு வகையும் அருகருகே நிற்கின்றன. சுமார் 800 அறைகள் கொண்ட ஹில்டனை மாநகராட்சி உருவாக்கிய இலாப நோக்கற்ற கழகம் கடன் பத்திரப் பணத்தில் கட்டியது. 2018இல் திறந்த ஃபேர்மாண்ட் தனியார் பணம்: 37 மாடி, 1,048 அறைகள், அங்கிருந்து மாநாட்டு மையத்துக்கு நடந்து போக ஒரு பாலமும் கட்டினார்கள். நமக்கும் இது புதிதல்ல. டெல்லி அசோகா விடுதி 1956இல் யுனெஸ்கோ மாநாட்டுக்காக அரசு எழுப்பியதுதான்.

ஆகவே அந்த ஊர் வாசகர் முதலில் கேட்பது 'நம் வரிப்பணமா, அவர்கள் காசா' என்பதை. 'நிதி' என்று எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் மங்கிப்போகும். நிவாரண நிதி, தேர்தல் நிதி, தொகுதி மேம்பாட்டு நிதி என்று தமிழில் நிதிக்குத் திரும்பி வராத பணத்தின் சாயல் ஏறிவிட்டது. விடுதி கட்டுபவர் போடுவது முதல். 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' என்று குறளே சொல்லியிருக்கிறது. முதல், ஊதியம், ஆதாயம் எல்லாம் நம் வியாபாரப் பேச்சில் இன்றும் நடமாடும் சொற்கள். எனவே 'தனியார் முதலீட்டில்' என்று எழுத வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கட்டுமானச் செலவு முழுக்கத் தனியாருடையது என்றாலும் வரிச் சலுகை, கட்டணத் தள்ளுபடி, சாலைப் பணி என்று நகரத்தின் பங்கு வேறு வழியில் வரலாம். செய்தியில் அது இருந்தால் விடாமல் எழுத வேண்டும். தனியார் முதலீடு என்ற சொல் அதை மூடி மறைக்கக் கூடாது.

மேம்பாடு, முன்மொழியப்பட்ட என்ற இரண்டும் எளிதாகத் தீரும். ஆங்கிலத்தில் வெற்று மனையில் கட்டடம் எழுப்புவதையே வளர்ச்சி, மேம்பாடு என்ற பொருளுள்ள சொல்லால் குறிப்பார்கள். தமிழில் மேம்பாடு என்றால் இருப்பதைச் சீர்செய்வது. இங்கே வேண்டியது 'கட்டுமானத் திட்டம்'. திட்டம் என்றாலே இன்னும் நடக்கவில்லை என்பது புரிந்துவிடும், முன்மொழிய ஆள் தேவையில்லை. அலுவலகத் தாளில் வேண்டுமானால் 'உத்தேச' என்று ஒரு சொல் போடலாம். ஆக மொத்த வரி இப்படி வரும்: 'ஆஸ்டின் நகர மையத்தில் தனியார் முதலீட்டில் தங்கும் விடுதி கட்டத் திட்டம்.' சொல்லும் குறைந்தது, யார் பணம், எந்த இடம், என்ன கட்டடம் என்பதும் தெளிந்தது.

பெயர்களை மட்டும் தொட வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தங்கும் விடுதிகளுக்கு ஓட்டல் தமிழ்நாடு என்று பெயர். அதை 'விடுதி தமிழ்நாடு' என்று மாற்றினால் தேடிப் போகிறவர் வழி தவறுவார். தெருமுனையில் இருக்கும் ஹோட்டல் ஹோட்டலாகவே இருக்கட்டும், அங்கே சாப்பிடப் போகிற எவரும் குழம்பியதில்லை. அறை எடுத்துத் தங்கும் இடத்தைப் பற்றி எழுதும்போது விடுதி என்று எழுதுங்கள்.