செல் பிழைத்திருக்கிறது, எதிர்ப்பொருள் எங்கே?

சென்ற வாரம் ஓர் ஆய்வு மாணவி கொண்டுவந்த பிளாஸ்க்கில், எதிர்ப்பொருளைச் சுரக்கும் கலப்புச் செல்களான ஹைபிரிடோமா செல்கள் உருண்டையாகவும் பளிச்சென்றும் இருந்தன. இறந்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் புளூ சாயமிட்டு எண்ணியபோது 95 சதவீதத்துக்கும் மேல் உயிருடன் இருந்தன. ஊடகத்தில் ஊட்டமாகச் சேர்க்கும் கருக்கன்றுச் சீரம் 10 சதவீதம் இருக்க வளர்ந்தவற்றை 1 சதவீதத்துக்குப் பழக்கிவிட்டதாக அவர் மகிழ்ச்சியுடன் சொன்னார். வளர்ப்பு ஊடகத்தை, எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் மாறும் எலிசா பிளேட்டில் இட்டபோதோ, ஒப்பீட்டுக் குழிகள் மஞ்சளாக மாற, அவருடைய குழிகள் தண்ணீரைப் போலவே நின்றன. இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது பிளாஸ்க் இது.

'செல்கள் பழகிவிட்டன' என்ற பேச்சுதான் இந்த இழப்புக்கு வேர். ஒவ்வொரு செல்லும் புதிய ஊடகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது ஓரளவு உண்மைதான். ஆனால் பிளாஸ்க்கில் இருப்பவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் காட்டிய வழியில் எதிர்ப்பொருள் செய்யும் பி செல்லையும் மைலோமா என்ற புற்றுச் செல்லையும் இணைத்துப் பெறும் இந்தக் கலப்புச் செல், பிரியும்போது அவ்வப்போது குரோமோசோம்களை இழக்கும். எதிர்ப்பொருளுக்கான மரபணுவைத் தாங்கிய குரோமோசோமையே இழந்த செல்லுக்குப் புரதம் செய்யும் சுமை இல்லை. அதனால் அது பெரும்பாலும் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகுகிறது. சீரம் குறையும் ஒவ்வொரு படியிலும் பல செல்கள் மடிய, அந்த இடத்தை இத்தகைய செல்கள் பிடித்துக்கொள்கின்றன. டிரிப்பான் புளூ உயிர் உண்டா என்று மட்டுமே சொல்லும், உற்பத்தி உண்டா என்று ஒருபோதும் சொல்லாது.

சீரத்தைக் குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீரத்திலுள்ள மாட்டின் எதிர்ப்பொருளான ஐஜிஜி, சுத்திகரிக்கும் புரோட்டீன் ஜி பத்தியில் நம் எதிர்ப்பொருளோடு சேர்ந்தே ஒட்டுவதைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

சீரத்தைக் குறைக்கத் தொடங்கும் முன்பே நல்ல செல்களைத் திரவ நைட்ரஜனில் சேமித்துவிடுங்கள். இந்த மாணவிக்கு அப்படி ஒரு குப்பிகூட இல்லை. 10, 5, 2.5, 1.25 எனப் பாதி பாதியாகக் குறையுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று பாசேஜ் (செல்களைப் பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றுவது) பொறுத்து, உயிர்ப்பு 90 சதவீதத்தைத் தாண்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். வழக்கத்தைவிட அடர்த்தியாக விதையுங்கள். ஆன்டிபயாட்டிக்கின் அளவைக் குறையுங்கள், ஏனெனில் அதன் நச்சைத் தாங்கிப் பிடிக்கும் சீரப் புரதம் இப்போது குறைவு. தாய் மைலோமா என்எஸ்0 வகை என்றால் கொலஸ்டிரால் தேவைப்படலாம். அதை மறந்துவிட்டுச் செல்லைக் குறை சொல்லாதீர்கள்.

தயவுசெய்து, ஒவ்வொரு படியிலும் எலிசா செய்யுங்கள். எதிர்ப்பொருளின் அளவு சரியத் தொடங்கியதும் முந்தைய படிக்குத் திரும்பி, ஒரு குழிக்கு ஒரு செல்லுக்கும் குறைவாக விழும்படி நீர்த்து, மறுபடி குளோன் செய்து (ஒரே செல்லிலிருந்து வளர்த்து), உற்பத்தி செய்வதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். உறைநிலைச் சேமிப்பும் இல்லாமல் ஒரு குளோனை இழந்தவர், எதிர்ப்பொருளைத் தூண்ட எலிக்கு ஊசி போடுவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.