மரை இழுக்கும், தோள் நிறுத்தும்: இலக்கு ரைபிளில் குழல் மாற்றுவது எப்படி?

போட்டி ரைபிளில் முதலில் தேய்ந்து முடியும் பாகம் குழல்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் 4,000 பார் அளவிலான அழுத்தத்தோடு, உருக்கின் உருகுநிலையைவிடச் சூடான வாயு, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்தை உரசிக்கொண்டு பாய்கிறது. அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். ஓரளவு பயன்பட்ட குழலுக்குள் போர்ஸ்கோப் விட்டுப் பார்த்தால், வறண்ட ஏரித் தரைபோல அங்கே உருக்கு பாளம் பாளமாக வெடித்திருப்பது தெரியும். 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகைக்கான குழல் ஏறத்தாழ 2,000 முதல் 3,000 தோட்டாக்களுக்குள் போட்டித் துல்லியத்தை இழந்துவிடும். துளையின் அளவோடு ஒப்பிட்டால் வெடிமருந்து குறைவாக எரியும் .308 வின்செஸ்டர் குழல் 5,000-ஐத் தாண்டியும் உழைக்கும். ஆக்‌ஷன் (போல்ட் ஓடும், குழல் பூட்டும் உடற்பகுதி), டிரிகர் (விசை), ஸ்டாக் (தோளில் பதிக்கும் கட்டை) மூன்றும் பல குழல்களைப் பார்த்துவிடும். அதனால்தான் தேய்ந்த குழலைக் கழற்றிப் புதியதைப் பூட்டவும், பயிற்சிக்கு ஒன்று போட்டிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளவும் வசதியாக இவ்வகை ரைபிள்களைக் கட்டுகிறார்கள்.

கழற்றிப் பூட்டுவது கடினமல்ல. கழற்றிய குழல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் தன் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் சவால். அந்த இடத்தை அளக்கும் தூரத்தின் பெயர் ஹெட்ஸ்பேஸ்.

போல்ட்டை (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் உருளை) மூடினால் அதன் முகம் தோட்டாவின் அடியைத் தாங்கும். தோட்டாவின் சரிந்த தோள், சேம்பரின், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின், சரிவில் போய் முட்டும். போல்ட் முகத்திலிருந்து அந்தச் சரிவில் குறித்துவைத்த ஒரு வட்டம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். .308-க்கு ‘கோ’ கேஜ் (போல்ட் மூட வேண்டிய அளவுத்துண்டு) 41.40 மி.மீ., ‘நோ-கோ’ கேஜ் (போல்ட் மூடக் கூடாத அளவுத்துண்டு) 41.50 மி.மீ. நடுவில் இருப்பது 0.1 மி.மீ., ஒரு தாளின் தடிமன்.

இடைவெளி இதைவிடக் கூடினால் நடப்பது இது: ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) தோட்டாவை முன்னால் தள்ளிவிடும். அழுத்தம் ஏறியதும் பித்தளை உறையின் மெல்லிய சுவர் சேம்பரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகமோ கவ்வாமல், போல்ட்டில் மோதும்வரை பின்னால் போகும். இழுபடுவது இரண்டுக்கும் இடைப்பட்ட பித்தளைதான். சுட்ட உறையில், அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அது எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் அதே உறையில் மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டுக்கொண்டே போனால் ஒருநாள் உறை இரண்டாக முறியும். வாயு முகத்தை நோக்கி வரும்.

குழலை ஆக்‌ஷனில் நிறுத்தும் முறைகள் முக்கியமாக மூன்று. முதல் முறையில் குழலின் மரைக்கு முன்னால், அது முடியும் இடத்தில், படிபோல ஒரு தோள் கடைந்திருக்கும். அது ஆக்‌ஷனின் முகத்தில் முட்டும்வரை திருகி இறுக்க வேண்டும். இரண்டாவதில் தோள் கிடையாது. சாவேஜ் ரைபிள்களில் இருப்பதுபோல ஒரு பெரிய நட்டுதான் குழலை வேண்டிய இடத்தில் பூட்டுகிறது. மூன்றாவது, குழலை உள்ளே செருகிப் பக்கத் திருகுகளால் கவ்வும் கிளாம்ப் முறை. பிளேசர் ஆர்8 இந்த மூன்றிலிருந்தும் விலகி நிற்கிறது. அதில் போல்ட் நேராகக் குழலுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும், தொலைநோக்கியும் குழல்மேலேயே உட்காரும். அதனால் ஹெட்ஸ்பேஸும் குறியும் குழலோடு சேர்ந்தே பயணிக்கின்றன. பொறியியலாகப் பார்த்தால் இவற்றில் மிக அழகான தீர்வு அதுதான்.

தோள் முறையின் அருமை, ரெமிங்டன் 700 மரையைக் கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு அங்குலத்துக்கு 16 மரை என்றால் ஒரு முழுச் சுற்றுக்குக் குழல் 1.59 மி.மீ. நகரும். கோவுக்கும் நோ-கோவுக்கும் உள்ள 0.1 மி.மீ. வெறும் 23 பாகைத் திருப்பம், கடிகார முள் நான்கு நிமிடம் நகரும் தூரம்கூட இல்லை. அவ்வளவு நுணுக்கத்தைக் கையால் மரையில் நிறுத்த முடியாது. கடைசல்காரர் ஒரு முறை தோளைச் சரியான இடத்தில் கடைந்துவிட்டால், பிறகு எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் குழல் அங்கேயே வந்து நிற்கும். மரை இழுக்கிறது, நிறுத்துவது தோள்.

அதனால் தோளும் ஆக்‌ஷன் முகமும் கண்ணாடிபோலச் சுத்தமாக இருக்க வேண்டும். 32 மி.மீ. விட்டமுள்ள தோளின் ஒரு ஓரத்தில் 0.02 மி.மீ. உலோகத் துகள் நசுங்காமல் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். குழல் அந்த அளவுக்குச் சாயும். 100 மீட்டர் தள்ளி அந்தச் சாய்வு 6 செ.மீ. ஆகிவிடும். துகள் பெரும்பாலும் நசுங்கிப்போகும் என்பது உண்மைதான், ஆனால் நசுங்கிய இடம் பள்ளமாகவோ மேடாகவோ அடுத்த முறைக்கும் அங்கேயே இருக்கும். நைலான் பிரஷ், கரைப்பான், பஞ்சு போகாத துணி என்று மரையின் அடிவரை துடைப்பதற்குச் செலவாகும் ஐந்து நிமிடம், மொத்த வேலையிலும் அதிகப் பலன் தரும் ஐந்து நிமிடம்.

கழற்றும் முன் மேகஸினை எடுத்து, போல்ட்டை உருவி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். குழலைப் பேரல் வைஸில் பிடிக்கும்போது தோல் அல்லது காகிதம் சுற்றி, கூடுமானவரை தோளுக்கு அருகிலேயே பிடிப்பது நல்லது. ஆக்‌ஷனைத் திருப்ப, போல்ட் ஓடும் பாதையில் பின்பக்கமாக நுழையும் ஆக்‌ஷன் ரெஞ்ச் வசதியானது. ஸ்டாக்கையும் தொலைநோக்கியையும் கழற்றவே வேண்டாம். நெடுநாள் பூட்டிக் கிடந்த குழல் மெதுவான அழுத்தத்துக்கு அசையாது, கைப்பிடியில் சுருக்கென்று ஒரு தட்டுத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

பூட்டும்போது மரையிலும் தோளிலும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு இரண்டு ஒன்றோடொன்று உலர்ந்து உரசினால் மரைகள் ஒட்டிக் கிழியும். குழலைக் கையால் திருகினால் தோள் முட்டும்வரை வழவழப்பாகப் போக வேண்டும். நடுவில் கரகரப்பு தட்டினால் அங்கேயே நிறுத்தி, திரும்பக் கழற்றித் துடைக்க வேண்டும். பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனர்). அடிக்கடி மாற்றும் தோள்வகைக் குழல்களுக்கு 55 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை வழக்கம். அந்த எல்லைக்குள் எந்த எண்ணை எடுத்தாலும் சரி, ஒவ்வொரு முறையும் அதே எண், அதே பசை. திருகும் விசையில் 85 முதல் 90 சதவீதம் வரை உராய்வே தின்றுவிடுகிறது, மிச்சம்தான் குழலை இழுத்துப் பிடிக்கிறது. பசையை மாற்றினால் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டினாலும் உள்ளே இழுவிசை வேறாகிவிடும், குறியும் நகரும். குழலிலும் ஆக்‌ஷனிலும் சேர்ந்தாற்போல ஒரு மெல்லிய கோடு கீறி வைத்தால், மறுமுறை பூட்டியதும் இரண்டும் நேராக வந்தனவா என்று ஒரு பார்வையில் தெரியும்.

வலப்பக்கமாகச் சுழலும் வரிப்பள்ளமும் வலமரையும் இருந்தால், குண்டின் சுழற்சிக்கு எதிர்வினையாகக் குழல் இறுகும் திசையிலேயே தள்ளப்படுகிறது. மிதமான இறுக்கமே போதுமானதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூட்டிய பிறகு கேஜ் சோதனை. போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின் தொகுதியையும் எஜெக்டரையும் (சுட்ட உறையை வெளியே தள்ளும் பாகம்) எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவற்றின் ஸ்பிரிங் கையின் உணர்வை ஏமாற்றும். கோ கேஜை வைத்து மூடினால் கைப்பிடி தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். நோ-கோவில் பாதி வழியில் நிற்க வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் பலம் கூடாது. போல்ட்டின் நெம்பு விசை பெரியது, கடினப்படுத்திய கேஜை அழுத்தினால் சேம்பரின் சரிவில் தழும்பு விழும். சுட்டுச் சூடான குழலில் அளக்கவே கூடாது. நோ-கோ கையில் இல்லாதவர்கள் கோ கேஜின் அடியில் 0.05 மி.மீ. தடிமனுள்ள ஒட்டுநாடா ஒன்றை ஒட்டிப் பார்ப்பதுண்டு. நாடாவின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே அதை நம்பலாம்.

நட்டு முறையில் இந்த வேலை தலைகீழ். கோ கேஜை வைத்துப் போல்ட்டை மூடிவிட்டு, குழலை அது கேஜைத் தொடும்வரை திருகி, அங்கேயே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது மரையின் தளர்வு போய்க் குழல் இம்மியளவு முன்னால் இழுபடும், ஹெட்ஸ்பேஸ் கூடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். கிளாம்ப் முறையில் திருகுகளின் வரிசையும் சம இறுக்கமும்தான் முக்கியம். டெசர்ட் டெக் எஸ்.ஆர்.எஸ். ரைபிளுக்கு 80 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 9 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கு இங்கே உதவாது.

ஒரு ஆக்‌ஷனில் சரியாக இருந்த குழல், அதே மாடல் இன்னொரு ஆக்‌ஷனிலும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போல்ட் மாறினாலும் அப்படித்தான், மறுபடி கேஜ் வைத்தே தீர வேண்டும். காலிபர் மாறும்போது போல்ட் முகமும் பொருந்த வேண்டும்: .223 குடும்பத்துக்கு 9.6 மி.மீ., .308 குடும்பத்துக்கு 12 மி.மீ., பெரிய மேக்னம் தோட்டாக்களுக்கு 13.5 மி.மீ. இவற்றைவிட ஆபத்தானது தோட்டாக் குழப்பம். .300 பிளாக்அவுட் தோட்டா .223 சேம்பருக்குள் நுழைந்து போல்ட்டும் மூடிக்கொள்ளக்கூடும். 7.8 மி.மீ. குண்டை 5.7 மி.மீ. துளைக்குள் தள்ள முயன்றால் ரைபிளே சிதறும். குழலில் காலிபரைப் பெரிதாகப் பொறித்து, மேசையில் அந்தக் குழலுக்கான தோட்டாக்களை மட்டும் வைப்பது உயிர் காக்கும் பழக்கம். பல நாடுகளில் குழலுக்கே தனியாக உரிமம் தேவைப்படும் என்பதால் வாங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், பழகிய குழல் மறுபடி பூட்டும்போது 0.1 அல்லது 0.2 மில் என்ற கோண அளவுக்குள், அதாவது 100 மீட்டரில் 1 முதல் 2 செ.மீ.க்குள் தன் பழைய குறிக்குத் திரும்பும். ஆனாலும் ஐந்து தோட்டா சுட்டுச் சரிபார்க்காமல் போட்டிக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, டர்ரெட் எண் (தொலைநோக்கியின் குறி திருத்தும் குமிழில் உள்ள எண்), இறுக்க அளவு, இதுவரை சுட்ட தோட்டாக்கள் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். புதுக் குழல் என்றால் முதல் 100, 150 தோட்டாக்களில் குண்டின் வேகம் மெல்ல ஏறும். அது நிலைக்கும்வரை தொலைதூரக் கணக்குகளைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.