கணவரின் ரிப்போர்ட் எங்கே?

குழந்தை தள்ளிப்போகிறது என்று வருகிற தம்பதிகளின் கையில் பெரும்பாலும் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். புரட்டினால் எல்லாமே மனைவியின் பெயரில்தான். தைராய்டு, புரோலாக்டின், ஏஎம்ஹெச், மாதாமாதம் எடுத்த ஃபாலிகுலர் ஸ்கேன், கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கிற டை டெஸ்ட். சிலருக்கு லேப்ராஸ்கோப்பி வரைக்கும் ஆகியிருக்கும். கணவர் பெயரில் ஒரு விந்துப் பரிசோதனைத் தாள்கூட இருக்காது. கேட்டால், கூட வந்த மாமியார் முந்திக்கொள்வார்: "என் பையனுக்கு என்ன டாக்டரம்மா, ஜம்முனுதானே இருக்கான்!" பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பையன் ஜம்மென்று இருக்கலாம். அதை வைத்து விந்தணு இருக்கிறதா என்று சொல்லிவிட முடியாது. விரை இரண்டு வேலைகளைச் செய்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரப்பது ஒன்று. மீசை, குரல், உடல்வாகு, தாம்பத்திய ஆசை எல்லாம் அதைச் சார்ந்தவை. உள்ளே சுருண்டு கிடக்கும் நுண்குழல்களில் விந்தணுவை உருவாக்குவது மற்றொன்று. முதல் வேலை கச்சிதமாக நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது அடியோடு நின்றுபோகலாம்.

வெளியேறும் விந்தின் அளவைப் பார்த்தும் ஏமாறுகிறார்கள். அந்தத் திரவத்தில் பெரும்பங்கு செமினல் வெசிக்கிள் என்ற சுரப்பிகளிலிருந்தும், அடுத்த பங்கு புராஸ்டேட்டிலிருந்தும் வருகிறது. விரையிலிருந்து வருவது ஏறக்குறைய 5 சதவீதம்தான். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு அளவில் வித்தியாசமே தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். கெட்டியா, தண்ணியா என்பதை வைத்துப் பலர் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அணு இருக்கிறதா என்பது மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும்.

விரைகள் உடம்புக்கு வெளியே, ஒரு பைக்குள் தொங்குவதற்குக் காரணம் உண்டு. விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். ஆண் குழந்தைக்கு விரை கீழே இறங்கவில்லை என்றால், ஆறு மாதம் வரை பார்த்துவிட்டு, ஒன்று ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்யச் சொல்வதும் இதனால்தான். "பெரியவன் ஆனா தானா சரியாகிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி, அந்தப் பையன் கல்யாணத்துக்குப் பிறகு என் எதிரே வந்து உட்காருவது இன்றும் நடக்கிறது.

வெரிகோசீல் பிரச்சினையும் சூட்டோடு தொடர்புடையதுதான். விரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் வீங்கிப் புடைத்துக்கொள்வது அது. பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். இடது விரையின் சிரை நேராகப் பெருஞ்சிரைக்குப் போவதில்லை. மேலேறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருகிறது. ரத்தம் தேங்க அது வசதியாகிவிடுகிறது. வெரிகோசீல் உள்ள எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. கையில் தட்டுப்படுகிற அளவு வீக்கமும், ரிப்போர்ட்டில் குறையும் சேர்ந்து இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகும். அதன்பிறகு எபிடிடைமிஸ் என்ற சுருண்ட குழாயில் (பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும்) ஏறத்தாழ இரண்டு வாரம் பயணம் செய்து நீந்தக் கற்கிறது. ஆக, இன்றைக்குக் கொடுக்கிற சாம்பிள் மூன்று மாதத்துக்கு முன் தொடங்கிய உற்பத்தி. இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் கவுண்ட், அதாவது விந்தணு எண்ணிக்கை, இறங்கியிருக்கும். மாத்திரை தொடங்கிப் பதினைந்து நாளில் மறுபடி டெஸ்ட் எடுத்து "ஏறவே இல்லை" என்று அழுவதில் அர்த்தமில்லை.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் டெஸ்ட்டுக்கும் 2 முதல் 7 நாள் இடைவெளி போதும். ஒரு மாதம் சேர்த்து வைத்தால் கவுண்ட் கூடும் என்று நினைக்கிறார்கள். பழைய அணுக்களின் ஓட்டம்தான் குறையும். லேபில் ஒற்றை பாத்ரூம், வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் வரும்? லேபில் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே எடுத்து வரலாம். லேப் கொடுக்கும் டப்பாவில் பிடித்து, உடம்பின் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். கடையில் வாங்கும் ஆணுறையில் பிடிக்கக் கூடாது. முதலில் வரும் சில துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது கீழே சிந்தியிருந்தால் வெட்கப்படாமல் டெக்னீஷியனிடம் சொல்லிவிட வேண்டும். பலர் சொல்வதில்லை, "கவுண்ட் கம்மி" என்ற ரிப்போர்ட்டோடு வீடு திரும்புகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி, ஒரு மில்லிக்கு 16 மில்லியன் அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். ஆமாம், வெறும் 4 சதவீதம். "96 சதவீதம் ஊனமாம் டாக்டர்" என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்களும் அப்பாவாகிறார்கள். ஒரு ரிப்போர்ட் குறைவாக வந்தால் இன்னொரு முறை எடுத்துப் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

சமீப காலமாக இன்னொரு கூட்டம் வருகிறது: ஜிம்மில் ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், "போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை தன் சிக்னலை நிறுத்திக்கொள்ளும். விரை வேலையை விட்டுவிடும். புஜம் பருக்கும், கவுண்ட் பூஜ்யத்துக்கு வரும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும்; ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில்.

குழந்தைக்காக வரும் ஆண்களில் பலர் என்னிடம் வருமுன் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "சின்ன வயசுல கைப்பழக்கம், எல்லாம் தீர்ந்துபோச்சு" என்று அங்கே சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்ற கதையும் சேர்ந்து வரும். ஆரோக்கியமான ஆணின் விரைகள் நொடிக்கு ஆயிரம் அணுக்களுக்கு மேல் உருவாக்குகின்றன. வயதுக்கு வந்த பிறகு ஓயாமல் நடக்கும் உற்பத்தி அது, சுயஇன்பத்தால் தீராது. விந்து போனால் உடம்பு போச்சு என்ற பயத்தால் வருகிற சோர்வுக்கு மனநல மருத்துவர் நரேந்திர விக் 1960இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். லேகியத்தால் தீரும் விஷயமில்லை.

பூஜ்யம் என்று வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. உற்பத்தி நடந்து வழி மட்டும் அடைத்திருந்தால், விரையிலிருந்தோ எபிடிடைமிஸிலிருந்தோ ஊசியால் அணுக்களை எடுக்க முடியும். ஒரே ஒரு அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில், 1992 முதல் குழந்தைகள் பிறந்துவருகிறார்கள். உற்பத்தியே குறைவு என்றால் ஹார்மோன், குரோமோசோம் பரிசோதனைகள் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதனால் என் கிளினிக்கில் கணவர் ரிப்போர்ட் வராமல் மனைவிக்கு டை டெஸ்ட்டுக்குத் தேதி கொடுப்பதில்லை. அவருடையது ஒரு டப்பா வேலை. இவருடையது வலி, ஊசி, மேஜை. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் மட்டும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இருவருக்கும் ஒரே வாரத்தில் எழுதிக்கொடுத்துவிடுவேன்.