பிஞ்சு வெம்பினால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்

சுரை, பூசணி, பாகல் போட்டவர்கள் ஆலோசனைக்கு வந்தால் முதலில் சொல்வது, "பூ கொள்ளையாப் பூக்குது, காய் நிக்கல" என்பதுதான். கையோடு ஒரு பை வெம்பிய பிஞ்சும் வரும். பல நேரம் அந்தப் பையில் நோயும் இருக்காது, பூச்சியும் இருக்காது.

கொடி முதலில் விடுவது ஆண்பூக்களைத்தான். மெல்லிய காம்பு, அடியில் ஒன்றுமில்லை, பூத்துக் கொட்டிவிடும். அதற்குக் கவலை வேண்டாம். பெண்பூவின் அடியில் சூலகம் குட்டிக் காயாகவே தெரியும். பூக்கும் முன்பே இருப்பதால், பிஞ்சு பிடித்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். தேனீ, அந்துப்பூச்சி வழியாக ஆண்பூவின் மகரந்தம் வந்து சேராவிட்டால் அது சில நாளில் மஞ்சளாகிச் சுருங்கி விழும். அரைகுறையாகச் சேர்ந்தால் ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பி, கோணலாகக் காய்க்கும். விதை பிடித்த பக்கம்தான் சதை வைக்கும்.

விழுந்த பிஞ்சை அறுத்துப் பாருங்கள். தோலில் ஊசித்துளை, பிசின், உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் பழ ஈ. உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தச் சேர்க்கையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது பூ விரியும் நேரம். இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. பூசணியும் பாகலும் விடியலில் விரியும். பூசணிப் பூ முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் மாலையில் விரிபவை. அந்தியில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான் சுரைக்கும் புடலைக்கும் வெள்ளைப் பூ. பீர்க்கிலேயே நுரைப்பீர்க்கு மட்டும் காலையில் விரியும். "மருந்தை மாலையில் அடியுங்கள்" என்ற பொது அறிவுரை பூசணிக்குச் சரி. சுரைப் பந்தலில் அது பூ விரியும் நேரத்திலேயே விஷம் தெளிப்பதாகிவிடும். இமிடாகுளோபிரிட் மாதிரி ஊடுருவிப் பாயும் மருந்து என்றால் எந்த நேரத்தில் அடித்தாலும் தேனீக்கு ஆபத்துதான். தேனிலும் மகரந்தத்திலும் ஏறிவிடும். பூக்கும் பருவத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தேனீ வராத மாடித்தோட்டத்தில் நாமே சேர்த்துவிடலாம். பூசணி என்றால் காலை 6 முதல் 8 மணிக்குள். அன்று விரிந்த ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். மஞ்சள் தூள் ஒட்டினால்தான் பயன்படும். பெண்பூவின் நடுவில் மகரந்தம் ஒட்டும் சூல்முடி மூன்று பிரிவாக இருக்கும். மூன்றிலும் மெதுவாகத் தடவ வேண்டும். ஒன்றில் மட்டும் தடவினால் மேலே சொன்ன கோணல் காய்தான் கிடைக்கும். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். மழையில் நனைந்த பூ வேண்டாம். சுரைக்கு இதே வேலையை மாலையில் டார்ச் அடித்துச் செய்யுங்கள்.

பெண்பூவே வரவில்லை என்பது வேறு சிக்கல். யூரியா அதிகமானாலும் கடும் வெயிலிலும் ஆண்பூ பெருகும். வயலில் பூசணி போட்டவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை: 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி. எத்ரல் (பெண்பூவைக் கூட்டும் பயிர் ஊக்கி), விதைத்த 10–15 நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை, நான்கு முறை. பூத்தபின் நினைவு வந்து அடிப்பது வீண். கோவைக்காயில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. ஆண்கொடியாக அமைந்துவிட்டால் எதை அடித்தாலும் காய்க்காது.

விதை எடுப்பவர்கள், வேறு கொடியின் மகரந்தம் கலக்காமலிருக்க, மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகள் இரண்டையும் முன்கூட்டியே நூலால் கட்டிவையுங்கள். கையால் சேர்த்தபின் பெண்பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். பக்கத்தில் கசப்புச் சுரை இருந்தால் அதன் மகரந்தம் இந்த ஆண்டுக் காயின் ருசியை மாற்றாது. அந்தக் காயின் விதையில் முளைத்த கொடியில்தான் கசப்பு தெரியும். சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.