தடயவியல் உளவியல் படிக்கப் போகிறீர்களா? முதலில் இதைக் கேளுங்கள்

நீதிமன்ற வழக்குகளுக்காக ஆட்களின் மனநிலையை மதிப்பிடுவதுதான் தடயவியல் உளவியல். இன்னொரு இளம் உளவியலாளர் இந்தத் துறையே வேண்டாம் என்று போய்விட்டார். கெட்டிக்காரர். சிறுவர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளின் கோப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய், இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுக்கையில் வைத்துப் படித்திருக்கிறார். முதலில் தூக்கம் போனது. பிறகு, அக்கா குழந்தையை யார் தூக்கினாலும் சந்தேகம் வந்தது. இப்படி எத்தனை பேரை இழப்பது? இந்த வேலை எப்படிப்பட்டது என்று அவர்களிடம் யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை.

சேர வருகிறவர்களில் பாதிப் பேர் "கொலைகாரனின் மனதைப் படிக்கணும்" என்கிறார்கள். தயவுசெய்து இதை விடுங்கள். குற்றவாளியைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் வேலை. கண்ணைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கும் வித்தையும் எங்களிடம் கிடையாது. இதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த கட்டுரையில், மனிதர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம்தான். காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். நடத்தையைப் பார்த்தே ஆளை எடைபோடுவேன் என்று வருகிறவர்தான் இங்கே ஆபத்தானவர்.

நீதிமன்றம் கேட்பது வேறு. இவரால் விசாரணையைப் புரிந்துகொண்டு தன் வக்கீலோடு பேச முடியுமா? சம்பவத்தின்போது மனநிலை எப்படி இருந்தது? குழந்தை யாரிடம் வளர்வது நல்லது? பேட்டி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மருத்துவக் குறிப்பு, பள்ளிப் பதிவு, வாக்குமூலம், ஆளுமையையும் மனநலத்தையும் அளக்கும், 567 கேள்விகள் கொண்ட எம்.எம்.பி.ஐ.-2 சோதனை என்று மீதி எல்லாமே காகிதம். அறிக்கையில் 'தோன்றுகிறது' என்று ஒரு சொல் போட்டால், குறுக்கு விசாரணையில் "எதை வைத்துத் தோன்றியது?" என்று அரை மணி நேரம் நிற்க வைப்பார்கள். எழுதப் பிடிக்காதவர்கள் இப்போதே யோசித்துவிடுங்கள்.

சாட்சி சொல்லும் தேதி உங்கள் கையில் இல்லை. கடைசி நேரத்தில் தள்ளிப்போகும். போட்டுவைத்த பயணம் ரத்தாகும். வீட்டில் "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் வாயைத் திறக்க முடியாது. உறவுகளை அரிப்பது இந்த மௌனம்தான். திருமணம் செய்யப் போகிறவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

சமூக வலைத்தளத்தில் வீடு, குழந்தையின் பள்ளி, அன்றாடம் போகும் இடம் எதையும் போடாதீர்கள். குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் கோபம் உங்கள் பக்கம் திரும்பும், உரிமம் வழங்கும் அமைப்புக்குப் புகாரும் போகும். குறிப்புகளை அன்றன்றே தேதியிட்டு எழுதிவையுங்கள். கோப்பு படுக்கையறைக்குள் வரவே கூடாது. கொடூரமான வழக்குகளையே அடுத்தடுத்து எடுக்காதீர்கள். மூத்த உளவியலாளரிடம் உங்கள் வழக்குகளைப் பேசி ஆலோசனை பெறும் பணி மேற்பார்வைக்குப் போக நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம் ஒன்று. அடுத்தவர் அனுபவித்த கொடுமையைக் கேட்டுக் கேட்டு நமக்கு வரும் பாதிப்பைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். தூக்கம் கெட்டாலோ, வீட்டு ஆட்கள்மேல் காரணமில்லாமல் எரிந்துவிழுந்தாலோ, அந்த வாரமே மூத்தவர் ஒருவரிடம் பேசுங்கள். ஒரு வழக்கை உங்களால் எடுக்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.