படகு தண்ணீரில் இறங்கும் முன்பே

பாய்ப்படகுக் கழகத்தில் விபத்து என்றாலே கவிழ்ந்த படகுதான் பலர் மனத்தில் வரும். சிறிய பாய்ப்படகு கவிழ்வது அன்றாடம் நடப்பது. அதை நிமிர்த்துவதும் பயிற்சியின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. உயிரைப் பறிக்கும் ஆபத்துகளில் சில கரையிலேயே காத்திருக்கின்றன.

அவற்றில் மிகக் கொடியது தலைக்கு மேலே போகும் மின்கம்பி. பாய்மரம் அலுமினியமோ கார்பன் இழையோ, இரண்டும் மின்சாரத்தைக் கடத்தும். மரம் நிமிர்ந்த படகை டிராலியில் தள்ளிப் போகிறவரின் கண் தரையில்தான் இருக்கும். உயர் அழுத்தக் கம்பியை மரம் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அதனால் மரத்தை எங்கே நிமிர்த்துவது, எந்த வழியே தள்ளுவது என்பதைக் கழகமே குறித்துப் பலகை வைக்க வேண்டும். கம்பிக்கு அடியில்தான் போயாக வேண்டும் என்றால் மரத்தைக் கழற்றிக் கிடத்திக் கொண்டுபோங்கள்.

கரையில் பாய் ஏற்றும்போது படகின் முன்முனை காற்றைப் பார்த்து இருக்கட்டும். இல்லாவிட்டால் பாயின் அடியில் கிடைமட்டமாக உள்ள பூம் என்ற கம்பு வீசி வந்து பக்கத்தில் நிற்பவர் தலையில் அடிக்கும். படகின் வடிகால் துளைகளை மூடும் அடைப்பான்கள் இறுகியிருக்கின்றனவா என்று ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.

மிதவைச் சட்டை விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். மிதக்கவைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள். 50 நியூட்டன் சட்டை, நினைவோடு இருக்கும், நீந்தத் தெரிந்தவருக்கானது. மயங்கியவரை அது முகம் மேலே வரும்படி புரட்டாது. 150 நியூட்டன் காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அடிக்கடி கவிழும் சிறு படகில் தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் தொல்லைதான்: பாய்க்கு அடியில் சிக்கியவர் முங்கி வெளியே வர அது விடாது. எதை அணிந்தாலும் சட்டையின் தோள்பகுதியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் பெரிய அளவு அல்லது இறுகாத பட்டை. காற்றடைக்கும் வகையில் வாயுக் குப்பி கையால் இறுக்கிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். குப்பியில் பொறித்த எடையைவிடத் தராசில் குறைந்தால் மாற்றிவிடுங்கள்.

கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்று ஏமாற்றுக்காரக் காற்று. கரையோரம் நீர் தட்டையாக, அழகாகத் தெரியும். வெளியே போகப் போகக் காற்றும் அலையும் வலுக்கும். திரும்புவதோ காற்றை எதிர்த்து. மீட்புப் படகு தயாராக இல்லாத நாளில் இந்தக் காற்றில் இறங்கவே வேண்டாம்.

கவிழ்ந்தால் முதலில் எல்லோர் தலையும் தெரிகிறதா என்று எண்ணுங்கள். பிறகு பிரதான பாயின் கயிற்றை விடுவியுங்கள். அதைப் பூட்டியபடியே நிமிர்த்தினால் பாய் காற்றைப் பிடித்துப் படகை மறுபடி சாய்த்துவிடும். முன்முனையைக் காற்றுக்குத் திருப்பி, படகின் அடியில் நீட்டி நிற்கும் மையப்பலகையில் படகோடு ஒட்டிய பகுதியில் ஏறி நில்லுங்கள். நுனியில் நின்றால் பலகை முறியலாம். பாய்க்கு அடியில் மாட்டியவர் கையால் பாயை மேலே தள்ளினால் மூச்சுவிடச் சற்று இடம் கிடைக்கும். பாயின் தையல் ஒன்றைப் பிடித்து ஒரே திசையில் போனால் விளிம்பு வந்துவிடும். நீர் குளிராக இருந்தால் விழுந்ததும் மூச்சு திணறும். ஓரிரு நிமிடத்தில் அது தணியும். அதுவரை நீந்த முயலாமல் மிதந்தபடி படகைப் பிடித்திருங்கள். படகைவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. நீரின் மீது தூரம் குறைவாகத் தெரியும், தேடுகிறவர்களுக்கோ தனித்தலை தெரியவே தெரியாது.

மீட்புப் படகே ஆபத்தாக மாறுவதும் உண்டு. ஓட்டுபவர் விழுந்ததும் என்ஜினை நிறுத்தும் கில் கார்டு என்ற கயிறு அவர் காலைச் சுற்றியிருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மணிக்கட்டில் உள்ளது சிக்கும். தினமும் காலையில் அதை இழுத்து என்ஜின் நிற்கிறதா என்று சோதியுங்கள். கயிற்றோடு ஓட்டுநர் நீரில் விழுந்தால் மற்றவர் என்ஜினைக் கிளப்ப வழி வேண்டுமே, அதனால் உபரிக் கயிறு ஒன்று படகிலேயே இருக்கட்டும். ஆளைத் தூக்கும்போது நியூட்ரல் போதாது, என்ஜினை அணைத்துவிடுங்கள். லீவரில் ஒரு முழங்கை பட்டால் புரொப்பல்லர் சுழன்றுவிடும்.

கிளம்புவோர் பெயரும் நேரமும் பலகையில் ஏற வேண்டும், திரும்பியவர் தானே வந்து அழிக்க வேண்டும். ஒரு பெயர் மீதி இருந்தாலும் மீட்புப் படகைக் கரையேற்றக் கூடாது.